நடுவில் நிற்பவர்

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இருக்கிறான். 15 வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கியவனை, 2023-ம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "நாளை முதல் வர வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னை டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா, வீடு, மனைத் தொழிலில் இறங்கலாம் என்றிருக்கிறேன். அதில் இரண்டு வழி இருக்கிறது. எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். வாடகை வீட்டுக்கு முன்பணம் பேசத் தெரியாமல் என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். என்னிடம் இந்த யோசனையா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "லாபம் எதில் அதிகம் என்று எனக்கே தெரியும் மாமா. அதைக் கேட்கவில்லை" என்றான். அதற்கப்புறம் நானும் சிரிக்கவில்லை.

அவன் சொன்ன முதல் வழி, லைசென்ஸ் வாங்கிய ஏஜென்டாக இருப்பது. டெக்ஸஸ் ராஜ்யத்தில் அதற்கு 180 மணி நேரம் பாடம் படிக்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். ஏற்கனவே தொழிலில் இருக்கும் ஒரு பெரிய தரகரின் பொறுப்பில் அமர வேண்டும். வீட்டை விற்கச் சொல்லி ஒருவர் ஒப்படைத்தால், அவர் நன்மையைத் தன் நன்மைக்கு மேலாக வைக்கச் சட்டத்தாலேயே கடமைப்பட்டவன் ஆகிவிடுகிறான். கூலி, விற்ற விலையில் ஒரு பங்கு. வெகு காலமாக அது 5, 6 சதவிகிதமாக இருந்து, வாங்குகிறவரின் ஏஜென்டும் விற்கிறவரின் ஏஜென்டும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். இந்த வழக்கத்தை எதிர்த்து வீட்டை விற்றவர்களே கோர்ட்டுக்குப் போய், 2024-ல் அந்நாட்டு ஏஜென்டுகளின் தேசிய சங்கம் 41.8 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. லைசென்ஸ் இருப்பதால் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது வழிக்கு அங்கே 'மொத்த வியாபாரம்' என்று பெயர். பெயரைக் கேட்டு அரிசி மண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 'உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்' என்று தெருமுனைக் கம்பங்களில் அட்டை தொங்கவிடுகிறார்கள். வரி பாக்கி விழுந்த வீடு எது, சொந்தக்காரர் செத்துப்போன வீடு எது, விவாகரத்தில் இழுபடும் வீடு எது என்று சர்க்கார் பதிவேடுகளில் தேடி எடுத்து, அந்த விலாசங்களுக்குக் கடிதம் போடுகிறார்கள். யாராவது ஒருவர் கூப்பிட்டால், போய்ப் பேசி ஒரு விலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். அந்த வீட்டை அவர்கள் வாங்கப் போவதில்லை. பழைய வீடு வாங்கிப் பழுது பார்த்து விற்கிற பணக்காரர்களின் ஜாபிதா ஒன்று கையில் இருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் ஒப்பந்தத்தையே அதிக விலைக்குக் கைமாற்றி விட்டு, இடையிலுள்ள தொகையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. பழுது பார்த்த பிறகு 3 லட்சம் டாலர் பெறும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு 70 என்றால் 2,10,000. பழுது பார்க்கும் செலவு 40,000 கழிந்தால் 1,70,000. இது பணக்காரர் கொடுக்கச் சம்மதிக்கும் உச்ச விலை. நடுவில் நிற்பவருக்கு 10,000 வேண்டும். ஆகவே சொந்தக்காரரிடம் அவர் சொல்லும் விலை 1,60,000. இந்தக் கணக்கில் சொந்தக்காரரின் தேவை எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் தேவை எவ்வளவு அவசரமோ அவ்வளவுக்கு அந்த விலைக்குச் சம்மதிப்பார் என்ற அளவில்தான் அது வருகிறது.

அமெரிக்க ராஜ்யங்களும் விழித்துக்கொள்ளத்தான் செய்கின்றன. டெக்ஸஸ் 2017-ல், ஒப்பந்தத்தைக் கைமாற்றுகிறவர் தாம் விற்பது வீட்டையல்ல, ஒப்பந்தத்தில் தமக்குள்ள உரிமையைத்தான் என்று வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. இல்லினாய் 2019-ல், அடிக்கடி இப்படிச் செய்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. ஓக்லஹோமா 2021-ல் போட்ட சட்டத்தின் தலைப்பிலேயே இந்தத் தொழிலுக்கு 'இரை பிடிக்கும்' என்ற அர்த்தத்தில் ஓர் அடைமொழி கொடுத்துவிட்டார்கள். என்றாலும் வாங்குகிறவரிடம் சொல்வது வேறு. விற்கிற கிழவியிடம் சொல்வது வேறு.

"இதில் பொய் ஒன்றும் இல்லை மாமா. விலை சொல்கிறேன். பிடித்தால் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே?" என்றான் பையன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று டெலிபோனை வைத்தேன். யோசிக்க ஒன்றுமில்லை, பழைய ஞாபகம் ஒன்று வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டது.

2014-ம் வருஷம் மாயவரத்தில் எங்கள் அப்பாவின் வீட்டை விற்றோம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். திருச்சியிலிருக்கும் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பூட்டிய வீட்டில் ஓடு சரிந்துகொண்டிருந்தது. திண்ணை, ரேழி, ஊஞ்சல் போட்ட கூடம், இரண்டு கட்டு, அப்பால் ஒரு கிணறும் நாலு தென்னையும் உள்ள நீளக் கொல்லை. கொல்லைக் கதவு இன்னொரு சின்னத் தெருவில் திறக்கும். அந்தக் கதவைச் சிறு வயதில் நாங்கள் மாவடு வாங்கத் தவிர வேறெதற்கும் உபயோகித்ததில்லை.

ஊரில் ஒரு கிழத் தரகர் இருந்தார். எழுபதை எட்டிய மனிதர். குடையும் ஒரு ரெக்ஸின் பையுமாக நடந்தே எல்லா வீட்டுக்கும் போவார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. (நம் தேசத்தில் 2016-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு, புதிய மனைப் பிரிவும் அடுக்குமாடி வீடும் விற்றுத் தருகிற தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வந்தது. பழைய வீட்டுத் தரகரை அதுவும் தொடவில்லை.) விற்கிறவரிடம் நூற்றுக்கு ஒன்று, வாங்குகிறவரிடம் நூற்றுக்கு ஒன்று அவர் கூலி. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தார், தாய்ப் பத்திரத்தைத் தேடச் சொன்னார், பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து எங்களைத் தாலுகா ஆபீசுக்கு அலைய வைத்தார். நாலு மாதத்தில் மூன்று பேரை அழைத்து வந்தார். மூவரும் 35 லட்சத்துக்கு மேல் ஏறவில்லை.

"தம்பி, அவசரப்படாதீங்க. தை மாசம் வரைக்கும் பொறுங்க. உங்க கொல்லை இன்னொரு தெருவிலே திறக்குது பாருங்க, அதுக்குன்னே ஒரு ஆள் வருவான்" என்றார்.

பொறுக்கச் சொல்வதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. இன்னும் நாலு நடைதான் அதிகம். இதை இன்று எழுதும்போது எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஆள் கிடைக்காததற்குச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆவணி பிறந்த சமயம் இன்னொருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், மோட்டார் சைக்கிள், வெள்ளைச் சட்டை. வந்தவுடன் அம்மாவை விழுந்து கும்பிட்டார். ஊஞ்சலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அப்பா எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று விசாரித்தார். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாயிற்றா என்று கேட்டார். எங்களோடு கொல்லை வரையில் நடந்து வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கொல்லையெல்லாம் இந்தக் காலத்திலே யாருக்கு வேணும் சார்? பராமரிப்புத்தான் தண்டம். நாளாக ஆக வீடுதான் இறங்கும். அம்மா மனசு வருத்தப்படாம முடிச்சுடணும், அதுதான் எனக்கு" என்றார். 38 லட்சம் என்றார். தரகுக் கூலி கிடையாது என்றார். அன்று சாயங்காலமே 2 லட்சம் ரூபாய் முன்பணம் கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பந்தத்தில், மூன்று மாதத்துக்குள் 'தங்களுக்கோ தாங்கள் காட்டும் நபருக்கோ' கிரயம் செய்து கொடுக்க வேண்டியது என்று ஒரு வரி இருந்தது. வார்த்தைகளை எடை போட்டே ஜீவனம் பண்ணுகிறவன் நான். அந்த ஏழாவது வரியை இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் தோன்றாமல் கையெழுத்துப் போட்டேன். கிழத் தரகருக்குக் கொடுக்க வேண்டியிருந்திருக்கக் கூடிய 38,000 ரூபாய் மிச்சம் என்று அன்று இரவு தங்கைக்கு டெலிபோனில் சொன்னதும் நினைவிருக்கிறது.

நாற்பது நாள் கழித்துப் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போனோம். காட்டப்பட்ட நபர் ஒரு டாக்டர். ஆபீசுக்கு வெளியே புங்க மரத்தடியில், எங்கள் முறை வரக் காத்திருந்தபோது, அவர் மிகவும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி கட்டப் போகிறாராம். முன்பக்கத்தில் நோயாளிகள் வரலாம், பின்பக்கத் தெருவில் கார் நிறுத்தலாம். "அந்தப் பின் தெரு இருக்கிறதே என்றுதான் 46 லட்சம் என்றாலும் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன்" என்றார். எனக்குத் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

8 லட்சம் ரூபாய். அவர் ஏன் வீட்டைத் தாமே வாங்கிப் பிறகு விற்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக அன்றைக்கு நூற்றுக்கு 8 சர்க்காருக்குக் கட்ட வேண்டும். டாக்டர் மறுபடி ஒரு 8 கட்ட வேண்டும். ஒப்பந்தமாகவே கைமாறினால் ஒரு தடவை கட்டினால் போதும். இந்த மாதிரி ஒப்பந்தமும் அதிகாரப் பத்திரமும் வைத்துக்கொண்டு சொத்தே கைமாறிவிட்டதாக நடக்கும் வியாபாரம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்தக் குறையும் இல்லை. கிரயப் பத்திரத்தில் நாங்களேதான் டாக்டருக்குக் கையெழுத்துப் போட்டோம். சட்டப்படி எல்லாம் சுத்தம். ஒன்றைத் தவிர: பத்திரத்தில் எழுதியிருந்த விலை 38-ம் அல்ல, 46-ம் அல்ல. அது மூன்றாவது ஒரு விலை, இரண்டையும்விடக் குறைவு. அந்த விலையைப் பற்றி அங்கிருந்த யாரும், நான் உள்பட, முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் கொதித்தேன். என் தங்கை கொதிக்கவில்லை. 8 லட்சத்தில் பாதி அவளுடையது. ஏறக்குறைய அந்தத் தொகையைத்தான் அவள் கல்யாணத்துக்காக வட்டிக்கு வாங்கினாள். அப்படியும் அவள், "அவன் நம்மை ஏமாத்தலை அண்ணா. நாமதான் கேக்கலை. அந்த டாக்டரை நாம தேடிப் பிடிச்சிருப்போமா?" என்றாள்.

தங்கையின் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பிறகு பதில் தேடிப் பல புத்தகங்களைப் புரட்டினேன். அவற்றில் மிகப் பழையது, ரோமாபுரியில் ஸிஸரோ என்பவர் கி.மு. 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதியது. அதில் ஒரு தானிய வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறார். தமக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறார். தீவு ஜனங்களுக்கு அது தெரியாது. அவர் சொல்ல வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா? இரண்டு ஞானிகள் இதைப் பற்றி வாதிடுகிறார்கள். குரு, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும் என்கிறார். சிஷ்யர், மனிதர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்னும்போது வாங்குகிறவர் அறிய வேண்டியதை ஒளித்து வைக்கக் கூடாது என்கிறார். ஸிஸரோ சிஷ்யர் பக்கம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1817-ல் குரு பக்கம் சாய்ந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஒருவர், யுத்தம் முடிந்து சமாதானமாகிவிட்ட செய்தியை விடியற்காலையில் தெரிந்துகொண்டு, அது ஊருக்குத் தெரியும் முன் புகையிலை வாங்கிப் போட்டார். அந்தச் செய்தியைச் சொல்ல அவருக்குக் கடமை இல்லை என்றார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது நம் தேசத்திலேயே 1872 முதல் நடப்பிலிருக்கும் ஒப்பந்தச் சட்டந்தான். ஒரு வக்கீல் நண்பர் எடுத்துக் காட்டினார். அந்தச் சட்டத்தில் கதை போலச் சிறு சிறு உதாரணங்கள் இருக்கின்றன. மோசடியைப் பற்றிய 17-வது பிரிவில் ஒன்று: இரண்டு வியாபாரிகள், ஒருவருக்கு விலை மாறப் போகும் ரகசியம் தெரியும், அதை மற்றவரிடம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்ல. ஏஜென்டுகளைப் பற்றிய 215-வது பிரிவில் இன்னொன்று: ஒருவர் தம் நிலத்தை விற்றுத் தரும்படி ஏஜென்டிடம் சொல்கிறார். ஏஜென்ட் நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, சொந்தக்காரருக்குத் தெரியாத ஒரு சுரங்கம் இருப்பதைக் காண்கிறார். சுரங்கத்தைப் பற்றி மூச்சு விடாமல், "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று வாங்கிவிடுகிறார். சொந்தக்காரருக்குப் பிறகு விஷயம் தெரிந்தால், அந்த விற்பனையையே ரத்து செய்யலாம்.

ஒரே சட்டம், ஒரே மௌனம். ஒன்று வியாபாரம், இன்னொன்று துரோகம். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது? மௌனம் சாதிப்பவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர் தம் சீட்டை என்னிடம் காட்ட வேண்டியதில்லை. எனக்கும் அது தெரியும். நானும் என் சீட்டை மறைத்துக்கொள்வேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் மறைக்கக் கூடாது, ஏனென்றால் அவரிடம் நான் என் சீட்டைக் காட்டிவிட்டேன்.

அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்தவர் எதில் உட்கார்ந்தார்? ஒப்பந்தத்தின்படி எதிர் நாற்காலி. எங்களுக்கு விற்றுத் தருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை, வாங்குகிறேன் என்றார். அதனால்தான் தங்கை, ஏமாற்றவில்லை என்கிறாள். ஆனால் அவர் உட்கார்ந்தது அம்மாவின் ஊஞ்சலில். கல்யாணத் தேதியை நாங்கள் அவரிடம் சொன்னது ஒரு வியாபாரியிடம் சொன்னதாக நினைத்து அல்ல. அந்தத் தேதிதான் எங்கள் சீட்டு. கொல்லை யாருக்கு வேண்டும் என்று அவர் சொன்னாரே, அது பொய்யா? கோர்ட்டில் நிற்காது, அபிப்பிராயம் என்பார்கள். வியாபாரி பொருளைக் குறை சொல்லி விலையைக் குறைப்பது சந்தை வழக்கம். கத்தரிக்காய் வாங்கும்போது நாமும் சொத்தை என்று சொல்லித்தான் வாங்குகிறோம். ஆனால் கத்தரிக்காய்க்காரி நம் வார்த்தையை யோசனையாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் சொன்னதை நாங்கள் யோசனையாக எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்துக்கொள்ளும்படியாகத்தான் அவர் சொன்னார். மௌனமாக இருந்து 8 லட்சம் சம்பாதித்திருந்தால் சாமர்த்தியசாலி என்று விட்டுவிடுவேன். யோசனை சொன்னாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கிழத் தரகர் மாத்திரம் தர்மராஜாவா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். கூலி வாங்கிக்கொண்டு நம் பக்கத்தில் உட்காருகிறவரின் நாற்காலியும் கொஞ்சம் திரும்பித்தான் இருக்கும். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள், சிகாகோ பிரதேசத்தில் விற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளின் கணக்கை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் அதிகம் காத்திருந்து, 3.7 சதவிகிதம் அதிக விலை வாங்குகிறார்கள். காரணம் சின்னக் கணக்கு. 10,000 டாலர் கூடுதலாக வந்தால் சொந்தக்காரருக்கு 9,400. அதற்காக இன்னும் பத்து நாள் அலைகிற ஏஜென்டுக்கு, பங்கு பிரித்ததெல்லாம் போக, 150. அந்த 150-க்காக யார் அலைவார்கள்? "இந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். லைசென்சும் 180 மணி நேரப் பாடமும் இந்த இடத்தில் ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் இது சோம்பல், அல்லது பலவீனம். நல்ல மனிதர் அதை ஜெயிக்கலாம். கிழத் தரகர் ஜெயித்தார். தைமாதம் வரை பொறுக்கச் சொன்னார். கைமாற்றுகிறவரின் நிலை அப்படியல்ல. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் பையிலிருந்து போகிற ரூபாய். நான் பட்டினி கிடந்தால் அவருக்கு லாபம் கூடுகிறது. இப்படி ஒரு தொழிலில் இருந்துகொண்டு ஒருவர் நல்லவராக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. "அம்மா, நான் இதை வாங்கி வேறு ஒருவருக்கு லாபத்துக்கு விற்கப் போகிறேன், வேண்டுமானால் வெளியில் விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிறவர் அதே தொழிலை நாணயமாகச் செய்யலாம். அப்படிச் சொன்னால் அவசரக்காரர்கள் எத்தனை பேர் அப்புறமும் கையெழுத்துப் போடுவார்கள்? சிலர் போடுவார்கள். மறுநாளே பணம் வேண்டியவனுக்கு, நாற்பது நாள் கழித்து வரும் நல்ல விலையால் உபயோகமில்லை. அவனுக்கு அந்த வியாபாரி உபகாரமே செய்கிறார்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வரும்போது பேனா ஓர் இடத்தில் தயங்குகிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவல் எழுதினேன். அதில் வரும் பாட்டியின் கதை, எங்கள் பழைய வீட்டு மாடியில் குடியிருந்த ஓர் அம்மாள் எனக்குச் சொன்னது. பல மத்தியானங்கள் அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். கஷ்டப்பட்டீர்களா என்று விசாரித்தேன். அவள் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை என்று நினைத்து. ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டேன். தொடராக வந்தது, புத்தகமாக வந்தது, பணம் வந்தது. நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? என் ஒப்பந்தத்திலும் ஒரு ஏழாவது வரி இருந்திருக்கிறது. அவள் அதைப் படித்தாளோ என்னவோ, நான் விளக்கிச் சொல்லவில்லை. அவள் புத்தகத்தைப் பார்க்காமலே காலமாகிவிட்டாள் என்பதில் அன்று எனக்கு ஏற்பட்டது துக்கந்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் நன்றாயிருக்கும்.

மறு ஞாயிற்றுக்கிழமை பையன் கூப்பிட்டான். ஸிஸரோவையும் சட்டப் பிரிவுகளையும் அவனிடம் சொல்லவில்லை. மாயவரம் வீட்டுக் கதையைத்தான் சொன்னேன். அவன் அந்த வீட்டுக்குச் சின்னப் பையனாக லீவுக்கு வந்திருக்கிறான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டவன். கடைசியில் நடந்ததையும் சொன்னேன்.

பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்துக் கிழத் தரகர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு கவரில் 38,000 ரூபாய் வைத்திருந்தேன். எதற்காக அந்தத் தொகை என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கவரை அவர் திறக்கவில்லை.

"வீட்டை நான் முடிக்கலையே தம்பி" என்றார்.

பட்டா மாற்ற அலைந்தீர்களே என்றேன். அதற்கு ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்குமாக 640 ரூபாய் ஆயிற்று என்று ஒரு பழைய டைரியைப் புரட்டிப் பார்த்துச் சொல்லி, அதை மட்டும் வாங்கிக்கொண்டார். டாக்டர் 46 கொடுத்ததை ஊரில் எல்லாருக்கும் முன்னாலேயே அவர் தெரிந்துகொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல் வரை வந்து, சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது மாயவரத்தில் வாடகைக்கு வீடு தேடினால் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு என் கூடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தார்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். டெலிபோனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாமா" என்றான் பிறகு, "அந்த இடம் இன்னிக்கு என்ன விலை போகும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.